ஸ்டார் வார்ஸ்: தி குளோன் வார்ஸ் – இரண்டு படங்களுக்கு நடுவே 133 எபிசோடு

ஸ்டார் வார்ஸ் இரண்டாம் பாகம் 2002-இல் வந்தது, மூன்றாம் பாகம் 2005-இல். இரண்டாவதின் கடைசியில், நகல் மனிதர்களைச் சிப்பாய்களாக்கி நடத்தும் குளோன் போர் ஆரம்பிக்கிறது, மூன்றாவது தொடங்கும்போது அது முடியும் தறுவாயில் இருக்கிறது. கதைக்கணக்கில் மூன்று வருஷம், ஆனால் இரண்டு படத்திலும் அந்த மூன்று வருஷம் கிடையாது. நாயகன் அனகின் எப்படி டார்த் வேடர் என்ற வில்லன் ஆனான் என்று கேட்டால் படம் சொல்லும் பதில் அவசர அவசரமாகத்தான் இருக்கும். அந்த இடைவெளியை நிரப்ப வந்த அனிமேஷன் தொடர் இது. 2008-இல் தொடங்கி, நடுவில் நின்று, 2020-இல் முடிந்தது. 7 சீசன், எபிசோடு ஒன்றுக்கு இருபத்திரண்டு நிமிஷம் சொச்சம். தென்னாப்பிரிக்காவுக்கு டிஸ்னி பிளஸ் 2022 மே மாதம்தான் வந்தது, அதற்கப்புறம்தான் டர்பனில் எங்கள் வீட்டில் இதை முழுசாகப் பார்க்க முடிந்தது. லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்த நேரம். டேப்லெட்டில் முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால், கரண்ட் இல்லாத இரண்டு மணி நேரத்தில் நாலைந்து எபிசோடு ஓடிவிடும்.

அனகினுக்காகத்தான் பார்க்க உட்கார்ந்தேன். அவன் கதையும் நன்றாகவே இருக்கிறது, படத்தில் இருப்பதைவிட இங்கே அவன் மனுஷனாகத் தெரிகிறான். ஆனால் என்னைக் கேட்டால் தொடருக்கு உயிர் கொடுப்பது குளோன் சிப்பாய்கள்தான். படங்களில் அவர்கள் வெள்ளைக் கவசம் போட்ட கும்பல், அவ்வளவுதான். ஒரே மனிதனிலிருந்து லட்சக்கணக்கில் உருவாக்கப்பட்டவர்கள், ஒரே முகம், ஆளுக்கு ஒரு நம்பர். அவர்களுக்கு உள்ளே ஒரு ஆள் இருக்கிறான் என்பதைத் தொடர் முதல் எபிசோடிலேயே சொல்லிவிடுகிறது. ஜெடாய் என்ற வீரர்களின் குருவான யோடா மூன்று சிப்பாய்களோடு ஒரு குகையில் ஒதுங்கி உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்கிறார். பார்க்க என்ன இருக்கிறது, எங்கள் எல்லோருக்கும் ஒரே முகம்தானே என்கிறான் ஒருவன். யோடா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்று பேரிடமும் தனித்தனியாக, ஒருவன் எதிரியையே நினைத்துக்கொண்டிருப்பதைப் பற்றி, இன்னொருவன் ஆயுதத்துக்காகக் கவலைப்படுவதைப் பற்றி, அவனவனுக்கு உரியதைப் பேசுகிறார். சண்டைக் காட்சியை நிறுத்திவைத்து இதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் பாருங்கள், அங்கேயே எனக்கு இந்தத் தொடர் மேல் மரியாதை வந்துவிட்டது. இன்னொன்று, குளோன்கள் அத்தனை பேருக்கும் குரல் கொடுத்தவர் டீ பிராட்லி பேக்கர் என்ற ஒரே நடிகர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் பேசுவது ரெக்ஸா, கோடியா, ஃபைவ்ஸா என்று பிரித்துச் சொல்லிவிடலாம். எப்படித்தான் செய்தாரோ!

நாலாவது சீசனில் அம்பாரா என்ற இருட்டுக் கிரகத்தில் நடக்கும் நாலு எபிசோடு இருக்கிறது, 7-லிருந்து 10 வரை. மொத்தத் தொடரில் இதுதான் உச்சம். அனகினைத் தலைநகருக்கு அழைத்துக்கொண்டு, பாங் கிரெல் என்ற நாலு கை ஜெடாய் ஒருவரிடம் படையை ஒப்படைக்கிறார்கள். அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். கேப்டன் ரெக்ஸைக்கூட சிடி-7567 என்று நம்பர் சொல்லி அழைப்பார். நேரே போய் மோது, எத்தனை பேர் செத்தாலும் நிற்காதே என்பதுதான் அவருடைய உத்தி. என் மாமியார் டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர், இந்த மாதிரிப் படமெல்லாம் பார்க்கமாட்டார், அன்றைக்கு மட்டும் பக்கத்தில் இருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்குத்தான் பேர் இருக்குதே, அப்புறம் என்னத்துக்கு நம்பர்?" என்று கோபமாகவே கேட்டார்.

அவர் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 1860-லிருந்து 1911 வரை, டர்பன் இருக்கும் இந்த நேட்டாலுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். கப்பல் பதிவேட்டில் ஆளுக்கு ஒரு நம்பர், அப்புறம் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பில் இருக்கும் தழும்பு. இன்றைக்கும் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பூர்வீகத்தைத் தேடப் போனால் பெரும்பாலும் அந்த நம்பரில்தான் தொடங்கவேண்டும். மாமியாருடைய பாட்டனின் நம்பர் அவர்கள் வீட்டில் சாமிப்படத்துக்குப் பின்னால் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் உட்கார்ந்து கிரெல் பேசுவதைக் கேட்டால் அது விண்வெளிக் கதையாக மட்டும் காதில் விழாது.

அம்பாராவில் ஒரு இடம். எதிரிகள் குளோன் கவசத்தைத் திருடிப் போட்டுக்கொண்டு வருகிறார்கள், சுடுங்கள் என்று கிரெல் உத்தரவிடுகிறார். சுடுகிறார்கள். விழுந்து கிடப்பவனின் ஹெல்மெட்டை ரெக்ஸ் கழற்றினால் உள்ளே தன்னுடைய அதே முகம். அந்தப் பக்கம் இருந்த குளோன்களிடமும் கிரெல் இதே பொய்யைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். சாகக் கிடக்கும் வாக்ஸர் முதல் சீசனில் ஒரு சின்னப் பெண்ணைக் காப்பாற்றியவன், அவள் படத்தைத் தன் ஹெல்மெட்டில் வரைந்து வைத்திருப்பான். இதைக் கார்ட்டூன் நெட்வொர்க்கில் போட்டிருக்கிறார்கள் என்பதை இன்னும் நம்ப முடியவில்லை.

ஆறாவது சீசனின் முதல் நாலு எபிசோடில் ஃபைவ்ஸ், தங்கள் மூளைக்குள் ஒரு சிப் இருப்பதைக் கண்டுபிடிக்கிறான். மூன்றாம் பாகத்தில் ஆர்டர் 66 என்று ஒரு வார்த்தை வந்ததும் இத்தனை வருஷம் கூடவே நின்ற ஜெடாய்களைச் சிப்பாய்கள் சுட்டுத்தள்ளுவார்களே, அது ஏன் என்பதற்கான விடை இங்கேதான் கிடைக்கிறது. ஃபைவ்ஸ் சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை. இதைப் பார்த்த பிறகு அந்தப் படத்தை மறுபடி போட்டேன். சுடுகிறவனைப் பார்த்தும் அழுகை வந்தது.

குறைகளும் உண்டு. முதல் சீசனில் முகங்கள் பொம்மலாட்டப் பொம்மை மாதிரி விறைப்பாக இருக்கும். தண்டர்பேர்ட்ஸ் என்ற அந்தக் காலத்துப் பொம்மைத் தொடரின் பாணியை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார்கள் என்றாலும் கண் பழக நேரம் பிடிக்கும். 2008-இல் தியேட்டருக்கு வந்த தொடக்கப் படம் சுமார் ரகம். ஜார் ஜார் என்ற கோமாளி வரும் எபிசோடுகளைத் தாண்டிவிடலாம், ஐந்தாவது சீசனில் குட்டி ரோபோக்கள் நாலு எபிசோடுக்குச் சுற்றுவதையும் தாண்டிவிடலாம். ஏழாவதின் நடுவில் அக்கா தங்கை இருவரோடு அனகினின் சிஷ்யை அசோகா அலைவது இழுவை. பெரிய தொல்லை வரிசைதான். மூன்றாம் சீசனின் முதல் எபிசோடு, முதல் சீசனின் ஐந்தாவதுக்கு முன்னால் நடப்பது! காலவரிசைப் பட்டியலை ஸ்டார் வார்ஸ் தளத்திலேயே போட்டிருக்கிறார்கள், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

இதற்கு முன் 2003-லிருந்து 2005 வரை கெண்டி டார்டகோவ்ஸ்கி எடுத்த கையால் வரைந்த குட்டித் தொடர் ஒன்றும் உண்டு. அது வேறு வகை, பேச்சு குறைவு, வேகம் அதிகம். எதிரிப் படைத் தளபதி கிரீவஸ் ஏன் மூன்றாம் பாகத்தில் இருமிக்கொண்டே இருக்கிறான் என்று அதில் காட்டுவார்கள். தனியாகப் பார்க்கலாம்.

அசோகாவை முதலில் பிடிக்காது, வாயாடி. அவள் அனகினின் சிஷ்யை, மூன்றாம் பாகத்தில் ஆளே இல்லை, அப்படியென்றால் என்ன ஆனாள் என்ற கேள்வி ஐந்து சீசனும் நம்மை அரித்துக்கொண்டே இருக்கும். கடைசி நாலு எபிசோடும் மூன்றாம் பாகம் நடக்கும் அதே நேரத்தில் நடப்பவை. சிப்பாய்கள் அசோகாவின் மேல் உள்ள மரியாதையில் அவள் முகக் கோடுகளைத் தங்கள் ஹெல்மெட்டில் ஆரஞ்சு நிறத்தில் தீட்டிக்கொண்டு வருகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அதே ஹெல்மெட்டுகள் அவளைக் கொல்லத் துரத்துகின்றன. மூன்றாம் பாகத்தை முந்தின நாள் பார்த்துவிட்டு, நாலையும் ஒரே மூச்சில் பாருங்கள். பத்து வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருந்தால் அம்பாராவையும் இந்த நாலையும் நீங்கள் முதலில் பார்த்துவிட்டு அப்புறம் காட்டுங்கள்.