டார்க் ரெஞ்ச்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

வீல் நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கேட்டால், பலர் ஸ்பேனரின் மீது ஏறி ஒரு மிதி மிதித்துக் காட்டுவார்கள். என் காரின் கையேடோ 103 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் (டார்க், அதாவது விசையையும் அது செயல்படும் தூரத்தையும் பெருக்கிய திருப்பும் வலு) என்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 25 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் நின்றால் நட்டின் மீது ஏறக்குறைய 170 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் செயல்படும். அதுவும் ஸ்பேனர் தரைக்கு இணையாக இருந்தால்தான். அது 60 பாகை சரிந்திருந்தால், அதே ஆளின் அதே எடைக்குப் பாதிதான் கிடைக்கும். ஒரு பட்டறையில் ஏர் கன்னால் (காற்றழுத்தத்தில் இயங்கும் முடுக்கி) முடுக்கிவிட்ட நட்டை நடுவழியில் கழற்ற முடியாமல் திண்டாடிய பிறகே, வைத்த அளவுத் திருப்புத்திறனை எட்டியதும் தெரிவிக்கும் இந்த டார்க் ரெஞ்சை வாங்கினேன்.

இது அரை அங்குலச் சதுர முனையும், 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரையிலான அளவுகோலும் கொண்ட 'டிக்' வகை ரெஞ்ச். குழாய்க்குள் ஒரு சிறிய நெம்புகோலும் அதை அழுத்திப் பிடிக்கும் சுருள்வில்லும் இருக்கின்றன. கைப்பிடியைத் திருகத் திருக வில் இறுகுகிறது. நாம் கொடுக்கும் திருப்புத்திறன் வில்லின் பிடியை மிஞ்சும் கணத்தில் நெம்புகோல் நழுவிக் குழாயின் சுவரைத் தட்டுகிறது. தராசில் முள் நடுவுக்கு வருவதைக் கண்ணால் பார்க்கிறோம். இங்கே அதைக் காதால் கேட்கிறோம், அவ்வளவுதான் வேறுபாடு. ஓசைக்குப் பின்னும் அழுத்தினால் நட்டு மேலும் இறுகும், கருவி தடுக்காது.

அளவு சரியா என்று வீட்டிலேயே சோதித்தேன். சதுர முனையை வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்குப்பிடி) பிடித்து, ரெஞ்சைக் கிடைமட்டமாக வைத்து, தண்ணீரோடு சேர்த்து 20 கிலோ நிறுத்த கேனை முனையிலிருந்து 45 செ.மீ. தள்ளிக் கைப்பிடியில் தொங்கவிட்டேன். கேனால் 88 நியூட்டன் மீட்டர். ஒன்றரைக் கிலோ எடையுள்ள ரெஞ்சின் ஈர்ப்பு மையம் 20 செ.மீ. தள்ளி இருப்பதால் மேலும் 3, ஆக 91. அளவை 89-இல் வைத்தபோது டிக் என்றது, 93-இல் வைத்தபோது பேசாமல் இருந்தது. ஐ.எஸ்.ஓ. 6789 என்ற பன்னாட்டுத் தரநிலை இவ்வகைக் கருவிக்கு 4 விழுக்காடு வரை பிழையை அனுமதிக்கிறது என்பதால், இந்த விலைக்கு இது நிறைவளிக்கிறது.

கைப்பிடியின் நடுவில் பிடித்தால், 103-ஐ எட்டுவதற்கு 23 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். பழைய ஸ்பேனரில் 42 கிலோ வேண்டியிருந்தது. நட்டுகளை முதலில் கையால் திருகி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, ஜாக்கியை இறக்கிச் சக்கரம் தரையைத் தொட்ட பிறகே ரெஞ்சை எடுக்கிறேன். தொங்கும் சக்கரத்தில் முயன்றால் சக்கரமே சேர்ந்து சுழலும்.

குறைகளும் உண்டு. அளவுக்கோடுகள் மிக மெல்லியவை, மாலை வெளிச்சத்தில் டார்ச் இல்லாமல் படிக்க இயலவில்லை. பூட்டு வளையம் தளர்ந்திருப்பதால், ஒருமுறை வைத்த அளவு இரண்டாம் நட்டுக்குள் நகர்ந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு நட்டுக்கும் முன் அளவைப் பார்த்துக்கொள்கிறேன். பெட்டியின் கீல் மூன்றே மாதத்தில் உடைந்தது. நட்டைக் கழற்றுவதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்பதால் பழைய ஸ்பேனரும் டிக்கியிலேயே கிடக்கிறது. வேலை முடிந்ததும் வில்லைத் தளர்த்தி 28-க்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும்; வீட்டில் வேறு யாராவது எடுத்தால் இதைத்தான் முதலில் மறக்கிறார்கள்.