மொறிஸ் மைனருக்கு ஒரு டிஜிட்டல் மானி: மலையக வீதிகளில் ஓட்டிப் பார்த்த மதிப்பீடு

மொறிஸ் மைனர் 1000 காரின் டாஷ்போர்ட் நடுவில் ஒரே ஒரு பெரிய வட்ட மானி இருக்கிறது. ஸ்மித்ஸ் நிறுவனம் செய்த அந்த மானி வேகத்தை மைலில் காட்டும். பெற்றோல் அளவுக்கு அதற்குள்ளேயே ஒரு சிறு முள் உண்டு. எண்ணெய் அழுத்தம் விழுந்தால் ஒரு விளக்கும், டைனமோ மின்னேற்றாவிட்டால் இன்னொரு விளக்கும் எரியும். எஞ்சின் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்பதைச் சொல்ல அதில் எதுவுமே இல்லை. கொழும்பில் ஓடும் காருக்கு அது பெரிய குறையன்று. கம்பளையிலிருந்து ஏ5 வீதியில் புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு, பாரம் ஏற்றிய லொறியின் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும் 1098 சீசீ காருக்கோ அதுதான் முதற் குறை. எங்கள் வீட்டுக் காருக்கு டிஜிட்டல் மானி ஒன்றைப் பொருத்த முடிவு செய்ததற்குக் காரணமும் அதுவே.

நான் வாங்கியது 85 மில்லிமீற்றர் விட்டமுள்ள, பல அளவுகளை ஒரே முகத்தில் காட்டும் மானி. நடுவில் ஜீபீஎஸ் மூலம் கணிக்கப்படும் வேகம், சுற்றிலும் நீர் வெப்பநிலை, எண்ணெய் அழுத்தம், பற்றரி வோல்ட், பெற்றோல் அளவு. இணையத்தில் பல பெயர்களில் விற்கப்படும் வகை இது. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் எந்தப் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. வேல்ஸில் இன்றும் ஸ்மித்ஸ் பெயரில் பழைய தோற்றத்தோடு மின்னணு மானிகளைச் செய்கிறார்கள். அவற்றின் அழகும் உறுதியும் இதற்கு இல்லை, ஆனால் விலை மிகக் குறைவு. பொருத்தும் கூலியைத் தனியாகக் கணக்கில் கொள்ள வேண்டும். எங்களுக்கு மானியின் விலைக்கு ஏறத்தாழ நிகராகவே கூலியும் வந்தது. செய்த வேலையைப் பார்த்தபின் அது நியாயமான கூலி என்றே நினைக்கிறேன்.

வேலையின் பெரும்பகுதி மானியில் அன்று, காரின் மின்னோட்டத் திசையில் இருந்தது. டைனமோவோடு வந்த மைனர் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய மானிகள் எதிர்முனை உடலில் இருப்பதாகக் கருதியே செய்யப்படுகின்றன; உணரிகளும் எஞ்சின் உலோகம் வழியாகவே மின்சுற்றை முடிக்கின்றன. இதைக் கவனியாமல் இரண்டு வயர்களை மாற்றிக் கொடுத்தால் போதும் என்று இணைப்பவர் மானியை அந்தக் கணமே இழப்பார். ஹட்டனில் எங்களுக்கு வேலை செய்து தந்த வயரிங் பாஸ், காரின் துருவத்தை மாற்றாமல் மானியின் பெட்டியைக்கூடத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பற்றரியைத் திருப்பி வைத்து, இக்னிஷன் கொயிலின் இரு வயர்களையும் இடம் மாற்றி, டைனமோவில் எஃப் என்று குறித்த முனையிலிருந்த வயரைக் கழற்றிவிட்டு அந்த முனையைப் பற்றரியின் உயிர் வயரால் ஒரு கணம் தொட்டுப் புதிய துருவத்தை அதற்குப் பழக்கினார். எங்கள் காரின் எஸ்யூ பெற்றோல் பம்ப் பழைய பிளாட்டினத் தொடுகை வகை என்பதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. மின்னணுப் பம்ப் பூட்டிய காராக இருந்தால் அதன் துருவத்தை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். காரில் இருக்கும் இரண்டு 35 அம்பியர் பியூஸ்களும் இவ்வளவு மெல்லிய கருவிக்குக் காவலாகா. மானிக்கெனத் தனியாக ஒரு சிறிய பியூஸைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

பொருத்தும் இடத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க முடியாத ஒரு நிபந்தனை இருந்தது: மூல மானியை எடுக்கக் கூடாது, தகட்டில் ஒரு துளையும் போடக் கூடாது. நடுமானியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் திரையைப் பதித்த கார்களையும் பார்த்திருக்கிறேன். ஓடிய மைல்களைச் சுமக்கும் எண் சக்கரங்கள் அதோடு போய்விடுகின்றன. ஸ்ரீ இலக்கத் தகட்டோடு ஓடும் ஒரு காரின் வரலாற்றை அதன் சொந்தக்காரரே அழிப்பதற்குச் சமம் அது. எங்கள் காரில் ஓட்டுநர் பக்கத்துப் பொருள் பெட்டிக்கு மூடி இல்லை. அதன் வாயில் அளவாக ஒரு பலகை செய்து, அதில் மானியைப் பதித்தோம். நாளை வேண்டாம் என்றால் பலகையை இழுத்து எடுத்துவிடலாம்.

இனி மானியின் நடத்தை. நீர் வெப்பநிலை ஒன்றுக்காகவே இதை வாங்கலாம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே திறந்த பாத்திரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி சதுர அங்குலத்துக்கு 7 பவுண்ட் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும்வரை கொதிநிலை நூறுக்கு மேலேயே இருக்கும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து அழுத்தம் கசிந்தால், கண்டியில் தாங்கும் அதே எஞ்சின் இங்கே கொதித்து வழியும். முன்பெல்லாம் பொனெட்டின் ஓரத்தில் ஆவி தெரிந்த பிறகே இதை அறிவோம். இப்போது தவலந்தன்னையைத் தாண்டி ஏற்றம் கடுமையாகும்போது எண் எண்பதுகளிலிருந்து தொண்ணூறைக் கடந்து மெல்ல ஏறுவதைக் கண்ணால் பார்க்கிறேன். கியரைக் குறைத்து எஞ்சினின் சுழற்சியைக் கூட்டினால் நீர்ப் பம்பும் விசிறியும் வேகம் பிடித்து, சற்று நேரத்தில் எண் இறங்குவதையும் பார்க்கிறேன். விரும்பிய வெப்பநிலையில் ஒலிக்கும்படி எச்சரிக்கையை அமைக்கலாம். பனிமூட்டத்தில் கண்ணை வீதியிலிருந்து எடுக்க முடியாத இடங்களில் அந்த ஒலியின் அருமை தெரியும்.

எண்ணெய் அழுத்தத்திலும் பயன் உண்டு. இந்த எஞ்சினுக்கு ஓடும்போது சுமார் 60 பவுண்டும் கார் நின்று எஞ்சின் மட்டும் மெதுவாகச் சுழலும்போது 15 பவுண்டும் வழமையான அளவுகள். மூல விளக்கு அழுத்தம் மிகவும் தாழ்ந்த பின்னரே எரியும். மானியோ நீண்ட ஏற்றத்துக்குப் பிறகு சூடான எண்ணெய் மெலிந்து அழுத்தம் படிப்படியாகக் குறைவதைக் காட்டுகிறது, எண்ணெயின் நிலையை ஊகிக்க இது உதவும். ஆனால் சாவியைத் திருப்பியதும் மானி சில வினாடிகள் தன்னைத் தானே சோதித்துக்கொண்டிருக்கிறது. அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டிய நேரமே அதுதான். ஆகவே பழைய விளக்கின் சுவிட்சை நீக்காமல், மூன்று வாய் கொண்ட இணைப்பொன்றைப் பூட்டி இரண்டையும் அருகருகே வைத்திருக்கிறோம்.

வோல்ட் அளவு இரவில்தான் முக்கியமாகிறது. லூக்காஸ் சீ40 டைனமோவின் உச்ச வழங்கல் 22 அம்பியர். முன்விளக்கு, வைப்பர் இரண்டையும் போட்டுக்கொண்டு மூடுபனியில் மெதுவாகப் போகையில் சுழற்சி குறைந்து டைனமோ பின்தங்குகிறது. எண் பன்னிரண்டை நோக்கி இறங்குகிறது. சுழற்சியைக் கூட்டினால் மீள்கிறது. டைனமோ காருக்கு இது இயல்பு. புதிதாகப் பார்ப்பவர்கள் பழுது என்று பதற வேண்டியதில்லை.

ஜீபீஎஸ் வேகம் கிலோமீற்றரில் நேரடியாகக் கிடைப்பது வசதி, ஏனெனில் நம் வீதிப் பலகைகள் கிலோமீற்றரிலும் பழைய மானி மைலிலும் பேசுகின்றன. டயர் அளவை மாற்றியிருந்தாலும் கணிப்பு பிசகாது. எனினும் கொண்டை ஊசி வளைவுகளில் எண் சற்றுத் தாமதமாகவே மாறுகிறது. இறம்பொடையின் 225 மீற்றர் சுரங்கத்துக்குள் செய்மதித் தொடர்பு அறுந்து, வெளியே வந்தும் சிறிது நேரம் வெறுமையாக நிற்கிறது. நடுமானியின் முள் அப்போதும் தன் வேலையைச் செய்துகொண்டிருப்பதால் எனக்குக் குறையில்லை. அதை எடுத்துவிட்டவர்களுக்குக் குறைதான்.

பெற்றோல் பகுதியை நாங்கள் இணைக்கவே இல்லை. புதிய மானி 0–190 அல்லது 240–33 ஓம் மின்தடையுள்ள மிதவை உணரியை எதிர்பார்க்கிறது. பழைய உணரி இரண்டோடும் சரியாகப் பொருந்தவில்லை. ஸ்மித்ஸ் முள் துருவம் மாறிய பிறகும் ஒழுங்காகக் காட்டுகிறது, ஆறரை கலன் தாங்கிக்கு அது போதும்.

மிகவும் ஏமாற்றம் தந்தது திரை. ஒளியை ஆகக் குறைத்து வைத்தாலும் இரவு மூடுபனியில் அதன் நீல ஒளி காரின் முன்கண்ணாடியில் பிரதிபலித்து வீதியை மறைக்கிறது. மேலே ஒரு சிறு மறைப்பு வைத்த பின்பே ஓட்ட முடிந்தது. வெலிமடைப் பக்கத்து நண்பகல் வெயிலில் இதற்கு நேர்மாறாக எண்களைப் படிப்பதே கடினம். மழைக்காலத்தில் மானிக் கண்ணாடியின் உட்புறம் ஈரம் படிகிறது. நீர் புகாதது என்று பெட்டியில் அச்சிட்டவர்கள் நானுஓயாவின் ஒரு மாலைப் பொழுதுக்கேனும் இதைத் தாங்கும்படி செய்திருக்க வேண்டும். மஞ்சள் ஒளி தரும் வகை கிடைத்தால் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தேனும் அதையே வாங்குங்கள்.

காரை விழாக்களுக்கு மட்டும் வெளியே எடுப்பவருக்கு இந்தச் செலவும் துருவ மாற்றமும் தேவையில்லை. நீர் வெப்பநிலைக்கு மட்டும் மின்சாரமே வேண்டாத குழாய் வகை மானியொன்று போதும். ஏற்ற இறக்கங்களில் காரை அன்றாடம் ஓட்டுபவருக்கு, அதன் குறைகளோடும், இந்த மானியைப் பரிந்துரைக்கிறேன். வாங்குமுன் உணரிகளின் மரை அளவைக் கேளுங்கள். மானியோடு வரும் உணரிகள் எங்கள் சிலிண்டர் ஹெட்டில் தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே இருக்கும் துளைக்குப் பொருந்தவில்லை. லேத் பட்டறையில் பித்தளையில் ஓர் இணைப்பைக் கடைந்து வாங்க வேண்டியதாயிற்று. அந்தத் துளையின் பழைய அடைப்பை மாதிரியாகக் கொண்டுபோய் முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டால், நீரை வடித்துவிட்ட கார் கராஜில் காத்துக் கிடக்க நேராது.