ஒன்றரை வருடம் ஓட்டிய இரண்டு சி18 காலம்

எங்கள் லேபில் யாராவது "காலம் கெட்டுப்போச்சு" என்றால் நாட்டு நடப்பைச் சொல்லவில்லை. ஹெச்பிஎல்சியில் (கரைசலில் கலந்துள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) மாட்டும் காலம், அதாவது பொடி அடைத்த column குழாய். ராணிப்பேட்டையில் தோல் மாதிரிகளைச் சோதிக்கும் சின்ன லேப் எங்களுடையது. ஒரே வகை சி18 காலம் இரண்டை (உள்ளே இருக்கும் பொடியில் 18 கார்பன் சங்கிலி ஒட்டியிருக்கும்; 250 மி.மீ. நீளம், 4.6 மி.மீ. விட்டம், பொடி 5 மைக்ரான்) ஒரே வாரத்தில் பிரித்து மாட்டினோம்.

ஒன்று ஃபார்மால்டிஹைடுக்கு: தோல் சாற்றில் டிஎன்பிஹெச் (ஃபார்மால்டிஹைடைக் கருவிக்குத் தெரியவைக்கும் வேதிப்பொருள்) சேர்த்து, அசிட்டோநைட்ரைல் 60, தண்ணீர் 40 என்று ஓட்டுவது. உப்பு கிடையாது. மற்றது அசோ சாயங்களிலிருந்து பிரியும் அமீன்களுக்கு, பாஸ்பேட் பஃபரோடு (அமிலத்தன்மை மாறாமல் வைக்கும் உப்புக் கரைசல்). இந்த அமீன் கிலோவுக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் ஐரோப்பாவுக்குத் தோல் போகாது என்பதால் அதில் விளையாட முடியாது.

திங்கள்தோறும் இரண்டிலும் யுராசில், டொலுயீன், நாஃப்தலீன் கலவையை ஓட்டி நோட்டில் எழுதினேன். யுராசில் எதிலும் ஒட்டாமல் முதலில் வெளியே வந்துவிடும். மற்றவற்றை அதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் நாஃப்தலீன் பீக் (அது வெளிவரும்போது வரைபடத்தில் எழும் முகடு) முன்னால் நகர ஆரம்பித்தது. சி18 சங்கிலி கழன்று போகிறது, காலம் போச்சு என்றே நினைத்தேன். ஆனால் இரண்டு காலமும் ஒரே அளவில் நகர்ந்ததே, அது எப்படி? அப்புறம்தான் உறைத்தது. காலத்தை வைக்கும் ஓவனை 30 டிகிரியில் வைத்திருந்தோம். எங்கள் ஓவனுக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. கரண்ட் போய் ஏசி நின்றால், வேலூர்ப் பக்கத்து வெயிலில் அறையே 30-ஐத் தாண்டிவிடும். சூடு ஏறினால் பொருள்கள் சீக்கிரமே வெளியே வரும்; ஒரு டிகிரிக்கு ஒன்றிரண்டு சதவீதம் நகரும் என்றால் கேட்கவா வேண்டும்? 40-க்கு மாற்றினேன், பீக் பழைய இடத்துக்கு வரவில்லை, ஆனால் புதிய இடத்தில் அசையாமல் நின்றது. பழைய நோட்டைப் பார்த்தால், போன வருட மே மாதத்தில் தூக்கிப் போட்ட காலம் நல்லதாகவே இருந்திருக்கும் போல. வயிற்றெரிச்சல்தான்.

அமீன் காலம் போனது வேறு கதை. சாயங்காலம் கரண்ட் போய், பஃபர் இரவெல்லாம் உள்ளேயே கிடந்தது. காலையில் தம்பி ஒருவர் நேரே அசிட்டோநைட்ரைலை விட்டுவிட்டார். பாஸ்பேட் உப்பாக உறைந்து, அழுத்தம் இரட்டிப்பானது. முதலில் தண்ணீர் தூக்கலாக உள்ள கலவையால் உப்பைக் கழுவிவிட்டுத்தான் அசிட்டோநைட்ரைலை விட வேண்டும். சொல்லித் தராதது என் தப்பு.

ஃபார்மால்டிஹைடு காலம் இன்னும் ஓடுகிறது. தோல் சாற்றின் கொழுப்பையெல்லாம் முன்னால் மாட்டிய கார்டு காலமே (அழுக்கைத் தடுக்கும் குட்டிக் காலம்) வாங்கிக்கொண்டது; அதற்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். இப்போது பீக்கின் முன்பக்கம் சின்னத் தோள் தெரிகிறது. கார்டை மாற்றியும் போகவில்லை. காலத்தின் வாய்ப் பக்கம் பொடியில் பள்ளம் விழுந்திருக்கும். புதியதற்கு இண்டென்ட் போட்டுவிட்டேன்.