காய்ச்சலோட கான்சர்: சித்தப்பாவின்ர ஒப்பரேசனுக்கு யாழ்ப்பாணம் போன அனுபவம்

சித்தப்பாவுக்கு வலது நுரையீரலில கட்டி, அதோட சேந்து விடாத சளிக்காய்ச்சல். இந்தமுறை நான் ஸ்காபரோவில இருந்து ஊருக்குப் போனது அவரோட ஆஸ்பத்திரியில நிக்கத்தான். வெளிநாட்டில இருந்துகொண்டு ஊரில இப்பிடி ஒரு வருத்தத்தைப் பாக்கிற ஆக்கள் கனபேர் இருப்பினம், அவையளுக்காக நடந்ததை எழுதுறன்.

அவர் குப்பிழானில தோட்டம் செய்தவர், செம்மண் காணி, புகையிலை, வெங்காயம் எல்லாம் வச்சவர், சுருட்டும் நல்லாப் பத்தினவர். போன மாரியில இருந்து இருமலும் காய்ச்சலும் வந்து வந்து போச்சுது. வீட்டுக்குக் கிட்ட ஒரு பிரைவேற் இடத்தில காட்ட, அவையள் ஒவ்வொருக்காலும் ஒரு அன்ரிபயோட்டிக் குடுத்து அனுப்பிச்சினம், காய்ச்சல் குறையும், பேந்து அதே பக்கத்தில அதே சளி திரும்ப வரும், ஒருத்தரும் சளியை ரெஸ்டுக்கு அனுப்பேல்லை, ஸ்கான் எடுக்கச் சொல்லவும் இல்லை. எனக்கு இதில இன்னும் கோவம் இருக்கு. வயசு போன, புகைச்ச ஒரு ஆளுக்கு ஒரே இடத்தில நியூமோனியா திரும்பத் திரும்ப வருகுதெண்டா உள்ளுக்குள்ள என்ன அடைக்குதெண்டு பாக்கவேணும், அது எந்த டொக்டருக்கும் தெரிஞ்ச விசயம்.

ஒருநாள் இரவு மூச்செடுக்க ஏலாமப் போக மச்சாள் 1990க்கு அடிச்சிருக்கிறா. காசில்லாத அம்புலன்ஸ், 2018ல வடக்குக்கு வந்தது. ஒக்சிசன் போட்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டிச்சினம். அங்கதான் சிரி ஸ்கான் எடுத்து, குழாய் விட்டுப் பாத்து, சதை எடுத்து கான்சர் எண்டு உறுதிப்படுத்தினது.

நான் போய் இறங்கேக்க வீட்டில ஒரே சண்டை. வாட்ஸ்அப் குறூப்பில லண்டன்காரர் ஒருபக்கம், பாரிஸ்காரர் ஒருபக்கம், "கான்சர் எண்டு தெரிஞ்சும் ஏன் இன்னும் வெட்டேல்லை, பலாலியில இருந்து சென்னைக்குப் ப்ளேன் ஓடுதுதானே, ஏத்துங்கோ" எண்டு. காசு எவ்வளவெண்டாலும் அனுப்பிறம் எண்டு எல்லாரும் சொல்லிச்சினம், மனசாரத்தான் சொன்னவை. ஆனா வாட்டில டொக்டர் கதைக்கேக்க பைலை வச்சுக்கொண்டு நிண்டு கேக்க மச்சாளைத் தவிர ஒருத்தரும் இல்லை, அவவுக்கு ரெண்டு சின்னப் பிள்ளையள் வேற.

அடுத்தநாள் நான் போய் வாட் ரவுண்ட் முடியுமட்டும் நிண்டு டொக்டரைக் கேட்டன். அவர் நிதானமா விளங்கப்படுத்தினவர். தோட்டத்து வாய்க்காலில மண் சரிஞ்சு அடைச்சா அங்கால தண்ணி தேங்கி நாறுமெல்லோ, அப்பிடித்தான், கட்டி மூச்சுக்குழாயை அடைக்க அதுக்குப் பின்னால சளி வெளியேற வழியில்லாமத் தேங்கி கிருமி பிடிச்சு சீழ் வச்சிட்டுது. அன்ரிபயோட்டிக் குடுத்தாக் குறையும், ஆனா அடைப்பு அங்கயே இருக்கிறதால திரும்பவும் வரும்.

அப்ப உடன வெட்டி எடுத்தா என்ன எண்டு கேட்டன். அவர் சொன்னது இதுதான்: சீழோட இருக்கேக்க வெட்டினா மூச்சுக்குழாயைத் தைக்கிற இடம் ஆறாம வெடிக்கலாம், காத்து நெஞ்சுக்கூட்டுக்குள்ள கசியும், அங்கயும் சீழ் கட்டும். மயக்கத்தில கிடக்கேக்க கெட்ட பக்கத்துச் சளி வழிஞ்சு நல்ல நுரையீரலுக்குள்ள போகலாம். ஒப்பரேசனுக்குப் பிறகு வாற நியூமோனியாதான் இந்த ஆக்களில பெரிய பயம். அதேநேரம் காய்ச்சல் முழுக்கச் சுகமாகட்டும் எண்டு மாசக்கணக்கில பாத்துக்கொண்டிருந்தாக் கட்டி வளந்திடும், பிறகு வெட்டவே ஏலாது. அதால கிருமி இன்னதெண்டு பிடிச்சு, அதுக்கேத்த மருந்தை ஏத்தி, காய்ச்சலும் சீழும் அடங்கிற அந்த இடைவெளியைப் பாத்து வெட்டவேணும். அடைபட்ட பகுதியை எடுத்தாத்தான் தொற்றும் முழுசா விடும். இதைக் கேட்டாப்பிறகு எனக்கு அந்தக் காத்திருப்பில ஒரு கோவமும் வரேல்லை. அது சும்மா படுக்க வச்சிருந்த காலம் இல்லை, அதுவும் வைத்தியம்தான்.

ரீபி, அதுதான் காசநோய், இருக்கோ எண்டும் பாத்தினம். பக்கத்து வீட்டு மாமி "அதைப்பற்றி வெளியில கதையாதேங்கோ" எண்டு மெல்லச் சொன்னவா, எங்கட சனத்துக்கு ரீபி எண்டாலும் கான்சர் எண்டாலும் ஒளிக்கிற பழக்கம் இன்னும் போகேல்லை. ஒளிக்காதேங்கோ. ஒரே ஆளுக்கு ரெண்டும் சேந்து வரலாம், பழைய ரீபித் தழும்பு இருக்கிற நெஞ்சில கான்சர் மறைஞ்சும் கிடக்கும். ரீபிக்கு வழமையா 6 மாசம் மருந்து, கட்டி அவ்வளவுகாலம் காத்திருக்காது, அதால சில கிழமை மருந்து குடுத்து சளியில கிருமி அடங்கினாப்பிறகு வெட்டி, மிச்ச மருந்தைத் தொடருவினமாம். சித்தப்பாவுக்கு நல்லகாலம் ரீபி இல்லை.

இன்னொரு விசயம், இதை வடிவா வாசியுங்கோ. ஸ்கானில நெஞ்சு நடுவில நெறி கட்டினமாதிரிப் பெருத்து இருந்தது. அதைப் பாத்திட்டு குறூப்பில ஒரு ஆள் "பரவிட்டுது, இனி வெட்டி என்ன பிரயோசனம்" எண்டு எழுதிப்போட்டார். கிருமித்தொற்று இருந்தாலும் அந்த நெறியள் பெருக்கும், பெற் ஸ்கானில கூட கான்சர் மாதிரியே ஒளிரும். அதால படத்தை மட்டும் பாத்து முடிவெடுக்காம மூச்சுக்குழாய்க்குள்ளால ஊசி விட்டு அந்த நெறியில இருந்து எடுத்துச் சோதிச்சினம். கான்சர் இல்லை. அந்த ஒரு ரெஸ்ட் இல்லாட்டி இவருக்கு ஒப்பரேசன் இல்லை எண்டே முடிஞ்சிருக்கும்.

மருந்து ஏறிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவரைத் தேத்திறதுதான் எங்கட வேலை. சுருட்டு அண்டையோட நிப்பாட்டு, அதுவும் ஒப்பரேசனுக்கு ஆகக் குறைஞ்சது 4 கிழமைக்கு முந்தியாவது நிப்பாட்டினா நல்லது எண்டு சொன்னவை. சலரோகம் இருந்தது, இன்சுலின் போட்டு சீனியை இறக்கினம். முட்டை, மீன், கீரை எண்டு மச்சாள் சமைச்சுக் கட்டித் தருவா. பிசியோ மிஸ் மூண்டு பந்து இருக்கிற ஒரு சாமான் தந்தவா, உறிஞ்ச உறிஞ்சப் பந்து எழும்பும், முதல் கிழமை ஒரு பந்துதான் அசைஞ்சுது. "பிள்ளை, இது என்ன குழந்தைப்பிள்ளை விளையாட்டு" எண்டு ஏசிக்கொண்டே செய்தவர், பேந்து தானே எடுத்து உறிஞ்சத் துவங்கிட்டார். ஊதிப் பாக்கிற ரெஸ்டும் நடக்க விட்டுப் பாக்கிற ரெஸ்டும் செய்துதான் எவ்வளவு நுரையீரலை எடுத்தாத் தாங்குவார் எண்டு கணக்குப் பாத்தவை.

இவருக்குக் கொழும்புக்குக் கிட்ட இருக்கிற வெலிசறை நெஞ்சு ஆஸ்பத்திரியில வெட்டிறதெண்டு முடிவாச்சு. கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். அங்க கனபேருக்குத் தமிழ் தெரியாது, ஆனா மிஸ்ஸிமார் கையைக் காட்டி, தெரிஞ்ச ரெண்டு சொல்லை வச்சு, அவரை நல்ல அன்பாப் பாத்தவை. நுரையீரலின்ர மேல் மடலை மட்டும் எடுத்தவை, வலதுபக்கத்தில மூண்டு மடல், மிச்ச ரெண்டும் இருக்கு. தைச்ச குழாய் வெடிக்காம இருக்க விலா எலும்புக்கு இடையில இருக்கிற தசையில ஒரு துண்டை எடுத்து அதுக்கு மேல மூடித் தைச்சிருக்கினம், கிருமி இருந்த ஆக்களுக்கு அப்பிடிச் செய்யிறது நல்லதெண்டு சேர்ஜன் சொன்னார். நெஞ்சில குழாய் விட்டுப் போத்தலில தண்ணிக்குள்ள விட்டிருப்பினம், இருமேக்க குமிழி வரும். அது நிக்குமட்டும் எனக்கு நித்திரை இல்லை.

காத்திருந்த நேரத்தில ஃபோனில வாசிச்சன், நுரையீரல் கான்சருக்கு ஒருபக்க நுரையீரலை முழுசா எடுத்து ஆள் தப்பின முதல் ஒப்பரேசன் 1933 ஏப்ரல் 5ல அமெரிக்காவில செயின்ற் லூயிஸில நடந்தது, செய்தவர் எவார்ட்ஸ் கிரஹாம். அந்த நோயாளியும் ஒரு டொக்டர்தான், அவருக்கும் பிறகு நெஞ்சுக்குள்ள சீழ் கட்டித் திரும்ப வெட்டவேண்டி வந்தது, ஆனாலும் 1963 வரைக்கும் இருந்தவர். கிரஹாம் நல்லாப் புகைச்சவர், 1957ல அதே நுரையீரல் கான்சரில செத்துப்போனார். இதைச் சித்தப்பாவுக்கு வாசிச்சுக் காட்ட, "அப்ப சுருட்டு முடிஞ்சுது" எண்டார்.

இப்ப அவர் வீட்டில, நடக்கிறார். காய்ச்சல் இல்லை. இனி தெல்லிப்பழை கான்சர் ஆஸ்பத்திரிக் கிளினிக். 2011ல தெற்கு அந்தத்தில தேவேந்திரமுனையில இருந்து வடக்கு அந்தத்தில பருத்தித்துறை மட்டும் சனம் நடந்து சேத்த காசில எழும்பின இடம் அது, குப்பிழானில இருந்து ஓட்டோவில கெதியாப் போயிடலாம்.

வெளிநாட்டில இருக்கிற ஆக்களுக்கு நான் சொல்லுறது, காசை அனுப்புங்கோ, ஆனா அதுக்கு முதல் ஆர் நோயாளியோட நிக்கிறது எண்டு முடிவெடுங்கோ. பெரியாஸ்பத்திரிக்கும் வெலிசறைக்கும் தெல்லிப்பழைக்கும் இடையில கடுதாசியளைக் கொண்டு ஓடுறது வீட்டாக்கள்தான். ஸ்கான் படம், சிடி, சளியில என்ன கிருமி எண்டு காட்டிற கல்ச்சர் றிப்போட், எந்த அன்ரிபயோட்டிக் எத்தினை நாள் ஏத்தினது, எல்லாம் ஒரே பைலில இருக்கவேணும், ஃபோனில படமும் எடுத்து வையுங்கோ. கல்ச்சர் றிப்போட் கையில இருந்ததால வெலிசறையில அண்டைக்கே சரியான மருந்தைத் துவங்கினவை.

கீமோ வேணுமோ இல்லையோ எண்டு அடுத்த கிளினிக்கில சொல்லுவினம். கீமோ குடுத்தா வெள்ளை அணு இறங்கும், திரும்பக் கிருமி பிடிக்கலாம், அதால காய்ச்சல் காஞ்சா பனடோலைப் போட்டிட்டுப் படுக்காம உடன கொண்டுவரச் சொல்லியிருக்கினம். மச்சாள்தான் கூட்டிக்கொண்டு போறா, பிள்ளையளைப் பாக்க மாமி வந்து நிப்பா, பஸ் ஓட்டோக் காசும் மச்சாள் வேலைக்குப் போகாத நாளின்ர சம்பளமும் நாங்கள் குறூப்பில பங்குபோட்டு மாசாமாசம் அனுப்பிறதெண்டு கதைச்சு முடிச்சிட்டம்.