எலும்பு ஊசிக்கு நாலு நட்சத்திரம், போட்ட இடத்துக்கு இரண்டுதான்

அம்மாவுக்கு 68 வயது. குளியலறையில் லேசாகச் சறுக்கியதற்கே மணிக்கட்டு உடைந்தது, எலும்பு அடர்த்தியைப் பார்க்கிற டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.9, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறிகிற ஆஸ்டியோபோரோசிஸ். முதலில் அதற்கு வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, காபியும் கூடாது. கண் விழித்ததும் டபராவைத் தேடுகிற ஆளிடம் இது நடக்குமா? இரண்டே மாதத்தில் மாத்திரை அட்டை அலமாரியின் பின்பக்கம் போய்விட்டது. கேட்டால் நெஞ்செரிச்சலாம்.

அதனால்தான் வருடத்துக்கு ஒரு முறை டிரிப்ஸில் ஏற்றுகிற ஜோலெட்ரோனிக் ஆசிட். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடுகிற டெனோசுமாப் ஊசியும் இருக்கிறது, ஆனால் அதைப் பாதியில் விட்டால் முதுகெலும்பு முறிகிற ஆபத்து கூடும் என்பதால் எங்கள் மாதிரி மறதிக் குடும்பத்துக்கு இதுவே மேல். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கால்சியம், வைட்டமின் டி எல்லாம் பார்த்து, பல் ஏதும் பிடுங்க வேண்டியிருக்கிறதா என்றும் கேட்டுவிட்டுத்தான் போட்டார்கள். 100 மில்லி பாட்டில், அரை மணி நேரம். அது ஏறி முடிவதற்குள் அம்மா பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் சாம்பார்ப் பொடிக்கு மல்லி எவ்வளவு என்று கேட்டு முடித்திருந்தார்.

மறுநாள் ராத்திரி 102 டிகிரி ஜுரம். தாடையிலிருந்து கணுக்கால் வரை வலி, போர்வையை இழுக்கக்கூடக் கை வரவில்லை. டெங்குவோ என்று பயந்து போன் அடித்தால், "அது அப்படித்தான் வரும், பாராசிட்டமால் குடுங்க" என்று சாவகாசமாகச் சொல்கிறார்கள். இதை ஊசி போடும்போதே சொன்னால் வாயா வலிக்கும்?

மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. அப்புறம்தான் தேடிப் படித்தேன். மருந்து சில வெள்ளணுக்களை உசுப்பிவிடுவதால் வருகிற ஜுரமாம். 2007-இல் வெளியான பெரிய ஆய்வில் முதல் ஊசிக்குப் பிறகு ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு இப்படி வந்திருக்கிறது, இரண்டாவது ஊசிக்கு 7, மூன்றாவதுக்கு 3 என்று குறைந்திருக்கிறது. அதே ஆய்வில் மூன்று வருடத்தில் இடுப்பு முறிவு 41 சதவீதமும் முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும் குறைந்திருக்கின்றன. இந்தக் கணக்கு தெரியாமல், அந்தச் சாம்பார்ப் பொடி அம்மாள் "எனக்கு ஒத்துக்கல" என்று ஒரே ஊசியோடு நிறுத்திவிட்டார். அம்மாவும் அதே முடிவில்தான் இருந்தார், நான்தான் ஒரு வருடமாக நச்சரித்தேன்.

போன மாதம் இரண்டாவது ஊசி. முதல் நாளே நிறையத் தண்ணீர் குடிக்க வைத்தேன், டாக்டரிடம் கேட்டு ஊசி முடிந்த கையோடு பாராசிட்டமால் ஆரம்பித்து மூன்று நாள் கொடுத்தேன். ஒரு நாள் உடம்பு வலி, அவ்வளவுதான்.

இந்த ஊசிக்கு நாள் வந்துவிட்டது என்று அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மெசேஜ்கூட வரவில்லை. மாஸ்டர் ஹெல்த் செக்கப் சலுகைக்கு மட்டும் வாரம் இரண்டு வருகிறது.