கோடா, கட்டமா, ரேகையா?

போன வாரம் கீழமாசி வீதியில் சோப்பும் சீயக்காயும் வாங்கிக்கொண்டு பில் போட நின்றபோது, பின்னால் நின்ற அண்ணன் உறையில் இருந்த கறுப்புக் கோடுகளைக் காட்டி "இத வச்சுத்தான் தம்பி நம்மளப் பத்தி எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிறாங்க" என்றார். அவர் பயம் நியாயமானதுதான், ஆனால் பயப்பட வேண்டியது அந்தக் கோட்டைப் பார்த்து இல்லை. சோப்பில் இருக்கிற பார்கோடில் 13 இலக்க எண் மட்டும்தான் உண்டு. விலைகூட அதில் கிடையாது, அது கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. 890 என்று தொடங்கினால் அந்த நிறுவனம் இந்தியாவில் பதிந்து எண் வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். 1974 ஜூனில் அமெரிக்காவின் ஓஹியோவில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டை முதன்முதலாக ஸ்கேன் செய்த நாளிலிருந்து அது பொருளைத்தான் சொல்கிறது, வாங்கியவரைச் சொல்வதில்லை. நம்மைக் காட்டிக்கொடுப்பது அடுத்து வருகிற கேள்வி: "மொபைல் நம்பர் சொல்லுங்க சார்." பத்து இலக்கத்தை எல்லோர் காதிலும் விழச் சொன்ன உடனே, அன்றைக்கு வாங்கிய மாத்திரையிலிருந்து குழந்தை டயப்பர் வரை நம் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. நான் சொல்வதில்லை. "நம்பர் வேண்டாம், பில் மட்டும் போடுங்க" என்றால் போட்டுத் தருகிறார்கள்.

கியூஆர் கோடு கதை வேறு. 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் கார் உதிரிபாகங்களுக்காக உருவானது. எண்களாக மட்டும் எழுதினால் 7,089 இலக்கம் வரை கொள்ளும். இடம் நிறைய இருப்பதால் ஆளைப் பற்றியும் எழுதலாம். ஆதார் அட்டையில் இருக்கிற கியூஆர் கட்டத்துக்குள் பெயர், பிறந்த தேதி, முகவரி, போட்டோ எல்லாம் டிஜிட்டல் கையெழுத்தோடு இருக்கின்றன, ஆனால் ஆதார் எண்ணில் கடைசி 4 இலக்கம்தான். அதனால் லாட்ஜில் ஜெராக்ஸ் கேட்டால், ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். அவர்களிடம் வசதி இல்லையென்றால் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுப்பேன். ஆதாரைக் காட்டுகிற வழிகளில் ஜெராக்ஸ்தான் மோசம். பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் என் அட்டையைப் பிரின்ட் எடுக்கப் போனபோது, அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட் ஃபோல்டரில் முன்பின் தெரியாத பத்துப் பதினைந்து பேரின் ஆதார் வரிசையாகக் கிடந்தது. என்னுடையதை நின்று அழிக்கச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஃபாஸ்டேக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கார் கண்ணாடியில் ஒட்டுகிற, பேட்டரி இல்லாத சின்ன சிப். டோல்கேட்டில் இருக்கிற கருவி அனுப்பும் ரேடியோ அலையிலேயே உயிர் பெற்று எண்ணைச் சொல்லும். கோட்டையும் கட்டத்தையும் கண்ணுக்கு நேராகக் காட்டியாக வேண்டும், இதற்கு அது தேவையில்லை. கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டினால் எத்தனை மணிக்குத் தாண்டினோம் என்று போனுக்கு மெசேஜ் வருகிறதே, அந்தத் தகவல் நம் போனோடு நிற்பதில்லை.

சரி, இதையெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். போன் நம்பரை, டேக்கை, கார்டைப் புதிதாக வாங்கலாம். கைரேகையை எங்கே போய் வாங்குவது? என் பெரியம்மா முப்பது வருஷமாக மல்லிகைப்பூ கட்டுகிறார். நாரும் ஈரமும் தேய்த்து ரேகை மழுங்கிவிட்டது. ரேஷன் கடையில் விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைப்பார், மிஷின் ஏற்காது, "திரும்ப வைங்கம்மா, கொஞ்சம் அழுத்தி வைங்க" என்பார் அந்தப் பையன். கடைசியில் ஓடிபி போடலாம் என்றால், அது போகிற போன் திருப்பூரில் வேலை செய்கிற அண்ணன் கையில் இருக்கிறது.

உரிய ஆளுக்கே திறக்காததும், ஒருமுறை திருடு போனால் ஆயுளுக்கும் மாற்ற முடியாததுமான ஒன்றைத்தான், பார்கோடு, கியூஆர், ஃபாஸ்டேக், கைரேகை என்கிற இந்த நாலில் நம்பிக்கையில் கடைசியாக வைப்பேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது பெரியம்மாவுக்கும் சேர்த்துத்தான். ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கிற வசதி உண்டு, என்னுடையதைப் பூட்டிவிட்டேன். பெரியம்மாவுடையதைப் பூட்டினால் அரிசி வாங்கப் போகிற ஒவ்வொரு தடவையும் போனில் திறக்க வேண்டும், அவரிடம் போன் இல்லை, அதனால் அது இன்னும் பூட்டாமலேதான் இருக்கிறது.