பிரெஞ்சு: மலையிலேயே படிப்பதா, கீழே இறங்கியா, போய்ச் சேர்ந்த பிறகா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கமிருந்து பிரான்சுக்குப் படிக்கக் கிளம்புகிற பிள்ளைகள் எதிரில் மூன்று வழிகள் இருக்கின்றன. வீட்டிலிருந்தே இணைய வகுப்பு ஒன்று. கீழே இறங்கி, சென்னையிலோ புதுச்சேரியிலோ அறை எடுத்துப் படிப்பது இன்னொன்று. "பாடம் ஆங்கிலத்தில்தானே, பிரெஞ்சை அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று விமானம் ஏறிவிடுவது மூன்றாவது. நிறையப் பேர் நம்புவது மூன்றாவதை. அதிகம் அடிபடுவதும் அதில்தான்.

முதலில் மணிக்கணக்கு. மொழித் தேர்ச்சியை ஏ1 (தொடக்கம்), ஏ2, பி1, பி2 என்று படிப்படியான நிலைகளாகப் பிரிப்பார்கள். ஏ2 முடிக்க மொத்தம் சுமார் 200 மணி நேரம், பி1 முடிக்க சுமார் 400 மணி நேரம் வகுப்பு வேண்டும். வாரம் 4 மணி நேர இணைய வகுப்பில் பி1 தொட இரண்டு வருடம் ஆகும். புதுச்சேரியில் தங்கி வாரம் 15 மணி நேரம் படித்தால் ஆறு மாதம். பிரான்சில் வாரம் 20 மணி நேரம் என்றால் ஐந்தே மாதம். காகிதத்தில் மூன்றாவது வழிதான் ஜெயிக்கிறது.

ஆனால் அங்கே முதல் மூன்று மாதம் யாருக்காகவும் நிற்காது. நீண்டகால விசாவை வந்திறங்கிய மூன்று மாதத்துக்குள் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். வீட்டுக்காரர் வங்கி விவரம் கேட்பார். வங்கி முகவரிச் சான்று கேட்கும். இந்தச் சுழலை உடைப்பது, தங்கவைத்தவர் கையெழுத்திட்டுத் தரும் இருப்பிடக் கடிதமும் அவருடைய அடையாள அட்டை நகலும். வாடகைக்கு ஜாமீன் ஆள் இல்லையென்றால் 'விசால்' என்ற இலவச உத்தரவாதம் உண்டு. அதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே வாங்க வேண்டும். வீட்டுக் காப்பீடும் கட்டாயம். மருத்துவக் காப்பீட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் ஓடும். இந்தக் கடிதங்கள் எல்லாம் பிரெஞ்சில்தான் வரும். பகுதிநேர வேலையும் அப்படியே: மாணவருக்கு வருடம் 964 மணி நேரம் வரை அனுமதி உண்டு, ஆனால் கடையில் நிற்க ஏ2 பேச்சாவது வேண்டும்.

ஒரு சின்ன விஷயம் பலரைக் கவிழ்க்கிறது. நம் எஸ்டேட்டில் தபால்காரருக்கு எந்த லைனில் யார் வீடு என்று தெரியும். அங்கே தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கி அட்டையும் மருத்துவ அட்டையும் வருவது அந்தப் பெட்டிக்குத்தான். குடிபோன அன்றே பெயரை ஒட்டுங்கள்.

இணைய வகுப்பின் பலவீனம் நமக்குத் தெரிந்ததே. மழை வலுத்தால் கரண்ட் போகும், கூடவே டவரும் போகும். பதிவு தருகிற வகுப்பாகச் சேருங்கள். கேட்புப் பயிற்சி ஒலிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இதைவிடப் பெரிய குறை, வாய் திறக்க வாய்ப்பு குறைவு. பிளஸ் டூவில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கியவர்களுக்கும் இதே சிக்கல்: எழுத்து வரும், பேச்சு வராது. அவர்கள் ஏ1ஐத் தாண்டிக் குதிக்காமல் நிலை அறியும் தேர்வு ஒன்று எழுதிவிட்டுச் சேர்வது நல்லது.

உச்சரிப்பில் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு, புத்தக ஓரத்தில் தமிழில் எழுதிக்கொள்வது. மீனுக்கும் பானத்துக்கும் விஷத்துக்குமான பிரெஞ்சுச் சொற்கள் மூன்றையும் தமிழில் எழுதினால் 'புவாசோன்' என்றே வரும். உண்மையில் பானம் மட்டும் 'பஸ்' என்பதன் முதல் ஒலியில் தொடங்கும். மற்ற இரண்டும் 'பல்' என்பதன் முதல் ஒலியில். விஷத்தில் நடுவே வருவது தேனீயின் ரீங்காரம் போல அதிரும் ஒலி. காதால் பிரித்துக் கேட்டுப் பழகினால் ஒழிய இது ஒட்டாது. அதே சமயம் தமிழ்ப் பேச்சு நமக்கொரு வரம். 'மரம்' என்பதைப் பேச்சில் சொல்லும்போது முடிவில் மூக்கில் போகிறதே, அதுதான் 'நல்ல' என்று பொருள்படும் 'பொன்' (bon) என்கிற பிரெஞ்சுச் சொல்லின் ஒலிக்கு வெகு அருகில். பேச்சுத் தமிழில் 'அவன்' முடிகிற விதம் திராட்சை மதுவின் பிரெஞ்சுப் பெயருக்கு (vin) அருகில். ஆங்கிலம் மட்டும் பேசுபவர் மாதக்கணக்கில் திணறும் இடம் இது. நீ, நீங்கள் வேறுபாடும் அங்கே அப்படியே உண்டு. அலுவலகத்தில் எப்போதும் 'நீங்கள்'தான்.

கொடைக்கானல்காரர்களுக்குப் பாடம் ஊரிலேயே இருக்கிறது. சலேத் மாதா கோயிலின் பெயர் பிரான்சின் ஆல்ப்ஸ் மலை ஊரொன்றின் பெயர். பிரெஞ்சுச் சொல்லின் கடைசியில் வரும் 'த' ஒலி பெரும்பாலும் ஊமை. அதன் பின்னே 'e' எழுத்து நின்றால் உயிர்பெறும். அதனால்தான் 'சலே' ஆகாமல் 'சலேத்' ஆனது.

எங்கள் தீர்ப்பு கலவை வழிதான். மலையிலேயே ஒரு வருடம் இணையத்தில் ஏ2 வரை. பிறகு இரண்டு மாதம் புதுச்சேரியில் தங்கிப் பேச்சு. அதற்குமேல் பிரான்சுக்குப் போய்த் தொடருங்கள். செலவும் அறை வாடகையும் இரண்டு மாதத்தோடு நிற்கும்.

தேர்வைப் பொறுத்து: நிலைவாரியாக எழுதும் பிரெஞ்சுத் தேர்வான டெல்ஃப் தரும் சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. நான்கு பகுதி, ஒவ்வொன்றும் 25. மொத்தம் 50 வேண்டும், எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக்கூடாது. டெஃப், டி.சி.எஃப். என்ற மற்ற இரண்டு பிரெஞ்சுத் தேர்வுகளின் மதிப்பெண்ணுக்கும் ஆயுள் 2 வருடம். கனடாவில் குடியேற விண்ணப்பிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறைக்கு இந்த இரண்டின் கனடா வடிவம் மட்டுமே செல்லும், டெல்ஃப் செல்லாது. பிரான்சில் 2026 ஜனவரி 1 முதல் பத்தாண்டு வசிப்பு அட்டைக்குப் பி1, குடியுரிமைக்குப் பி2 என்று உயர்ந்துவிட்டது. தங்க நினைப்பவர்கள் ஏ2வோடு நிறுத்த முடியாது. தேர்வுக்கு முந்தின நாளே கீழே இறங்கிவிடுங்கள். மண்சரிவால் பாதை அடைத்தால் தேர்வுக் கட்டணம் திரும்பாது.

இன்னொன்று, இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்து, பிறப்புச் சான்றிதழில் 'எஸ்.' என்று மட்டும் இருந்தால், வங்கியில் ஒரு பெயர், காப்பீட்டில் வேறு பெயர் என்று விழும். பெயரே பதியாத பழைய பிறப்புச் சான்றிதழாக இருந்தால் முதலில் பெயரைச் சேர்த்து வாங்குங்கள். இனிஷியலை விரித்து, எல்லா ஆவணத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல் வந்த பிறகே விசாவுக்கு மனுப் போடுங்கள்.